நவம்பர் பன்னிரண்டாம் திகதிப் பூசை

"றோசலின், உன்ர தொப்பிக்காரர் வாறார்! இண்டைக்கு விடாதை, கேள்!" கோயில் கதவைத் திறந்துவிட்டபடி பத்திநாதர் சிரித்தார்.

பார்க் எக்ஸ்டென்ஷன் கத்தோலிக்கக் கோயிலில் இறந்தவர்களுக்காகப் பூசை கேட்டு வருவோருக்கு நாள் குறித்துக் கொடுப்பது றோசலின்தான். ஒரு பூசைக்கு ஒரு பெயர். அது சுவாமியார் போட்ட சட்டம்.

"என்னத்தைக் கேக்கிறது அண்ணை? வருஷத்தில ஒருநாள் வாறார். தொப்பியும் கழட்டுறேல்ல, பூசையில நன்மை அப்பமும் வாங்குறேல்ல. தாய்க்குப் பூசை குடுக்கிற வடிவைப் பாருங்கோ!"

தொப்பிக்காரக் கிழவர் மேசையடிக்கு வந்து பிரெஞ்சில் சொன்னார்: "வழக்கம்போல நவம்பர் பன்னிரண்டு, மடாம். என் அம்மா லியோனிக்கு."

றோசலின் 2004ஆம் ஆண்டுப் பூசைப் பதிவுக் கொப்பியைப் புரட்டினாள். "இந்த முறை பின்னேரப் பூசை இல்லை, மிசியே. காலமைப் பூசை என்ர மகன் றொசானுக்கு. பதின்மூண்டு தரட்டோ?"

"அம்மா இறந்தது பன்னிரண்டில்."

"என்ர பிள்ளை செத்ததும் அண்டைக்குத்தான். மன்னாரில, ஷெல் விழுந்து."

அவர் கொப்பியில் இருந்த பெயரைக் குனிந்து பார்த்தார். பிறகு, "எத்தனை வயது?" என்றார்.

"ஒன்பது."

"அப்படியானால் அந்த நாள் பிள்ளைக்கே இருக்கட்டும். லியோனியும் அதைத்தான் சொல்லியிருப்பா."

சண்டை பிடிப்பார் என்று நினைத்திருந்த றோசலினுக்கு என்னவோ போலிருந்தது. "கோவிக்காதேங்கோ மிசியே. வீட்டில இருந்து ஒரு செபமாலை சொல்லுங்கோ. பெத்த பிள்ளை சொன்னா அது போய்ச் சேரும்."

"நான் அவ பெற்ற பிள்ளை இல்லை, மடாம். பெல்ஜியத்தில் ஜெர்மன் ஆமி என் வீட்டாரைப் பிடித்துக்கொண்டு போனபோது எனக்கு ஆறு வயது. பக்கத்துத் தெரு லியோனி, 'இவன் என் மகன்' என்று ஊருக்குச் சொல்லி, இரண்டு வருடம் என்னை வைத்திருந்தா. பெற்ற அம்மாவுக்கு நான் எங்கள் யூதக் கோயிலில் செபிக்கிறேன். லியோனிக்குப் பூசைதான் பிடிக்கும். கேட்டு வர அவவுக்கு வேறு பிள்ளையும் இல்லை."

றோசலின் பேனையை எடுத்து, றொசானின் பெயருக்குப் பக்கத்தில் லியோனி என்று எழுதினாள்.

"சுவாமி ஏசப்போறார்!" என்றார் பத்திநாதர்.

"ஏசட்டும் அண்ணை. என்ர பொடியன் அங்க தனியத்தானே நிக்கிறான்," என்றாள் அவள். "இனி அவ பாத்துக்கொள்ளுவா."