நாலு வயது மூத்தவன்

“உன் அண்ணன் உன்னைவிட எத்தனை வயசு பெரியவன்?” என்று கேட்டுவிட்டு, யோரான் இலவங்கப்பட்டை பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த லுவாம் விரல்விட்டு எண்ணினாள்.

இதற்குக்கூட விரல் வேண்டியிருக்கிறது. இந்த லட்சணத்தில் அகதி விண்ணப்பம் வேறு.

“நாலு” என்றாள். மொழிபெயர்க்கும் பெண் அதை ஸ்வீடிஷில் சொன்னாள்.

யோரானுக்கு மனசு குளிர்ந்தது. இந்த அலுவலகத்துக்கு வருமுன் அவர் கணக்கு வாத்தியார். எரித்திரியாவிலிருந்து வருகிற எல்லாருக்கும் பதினாறு வயதுதான்; ஒருத்தரிடமும் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. பல்லையும் எலும்பையும் படம்பிடித்து மற்றவர்கள் மல்லுக்கட்டட்டும். அவருக்கு ஒரு எக்ஸ் போதும்.

அண்ணன் இத்தாலிக்குப் படகேறியபோது அவனுக்கு இருபது வயது என்று சற்றுமுன் இவளே சொன்னாள். அது நடந்து இரண்டு வருடம். ஆக, இப்போது இருபத்திரண்டு.

அவள் பக்கமாகத் தாளைத் திருப்பிவைத்துக் கொட்டை எழுத்தில் எழுதினார். எக்ஸ் கூட்டல் நாலு, இருபத்திரண்டு. எக்ஸ், பதினெட்டு.

பதினெட்டு என்றால் பள்ளிக்கூடம் இல்லை, வளர்ப்பு வீடு இல்லை. பெரியவர்கள் முகாமுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லுவாம் தாளைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினாள். “எனக்குப் பதினாறுதான். அவன் படகுல ஏறினப்போ எங்களுக்குள்ள ஆறு வயசு வித்தியாசம். இப்போ நாலு.”

யோரான் வாய்விட்டுச் சிரித்தார். காதில் பூச்சுற்றுவதற்கும் ஒரு அளவு உண்டு.

“உனக்கு ஒரு வயசு ஏறினா உன் அண்ணனுக்கும் ஒண்ணு ஏறும். வித்தியாசம் மாறவே மாறாது. இங்க ஆறாங்கிளாஸ் பசங்களுக்கே இது தெரியும்.”

லுவாம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. எவ்வளவு சொன்னாலும் மண்டையில் ஏறாத பிள்ளையிடம் பேசுவதுபோல, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

மொழிபெயர்க்கும் பெண் தம்ளரை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். யோரான் பேனாவைத் தட்டியதும் ஸ்வீடிஷில் சொன்னாள்.

“அவனுக்கு இன்னும் இருபதுதான். அடுத்த வருஷம் எங்களுக்குள்ள மூணாயிடும். இன்னும் நாலு வருஷத்துல ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. அதுக்கப்புறம் அவன் எனக்குத் தம்பி.”