இரண்டாவது ப்ராசஸர்

கல்யாண ஆல்பம் செய்துகொடுக்கும் அந்தக் கடையை அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தினார்கள். சேர்ந்து என்பது பேச்சுக்குத்தான். மாடாய் உழைத்தவள் அக்கா. காய்ச்சலோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள், ஒருநாள் அப்படியே சாய்ந்து உயிரை விட்டாள். அதே வாரம் அந்தக் கம்ப்யூட்டரின் மூளையான இரண்டு ப்ராசஸர்களில் ஒன்று கருகிப்போனது. மெக்கானிக் அதைக் கழற்றிப் போட்டார்.

இப்போது ஆல்பம் மென்பொருள் புது ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்டது.

"இந்தக் கிழடு தாங்குமா அண்ணே?" என்றாள் தங்கை.

"ரெண்டு இருந்தப்பவே இதுக்கு மூச்சு வாங்கும். ஒண்ண வச்சுக்கிட்டுக் கஷ்டம்மா. சரி, போட்டுப் பாப்போம்."

போட்டார். திணறாமல் ஓடியது. ப்ராசஸர்கள் இரண்டு என்று திரை காட்டியது. முதலாவது சும்மா இருந்தது. இரண்டாவது நூறு சதவீதம் உழைத்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். இரண்டாவதன் இடம் காலியாகத்தான் இருந்தது. "தப்பாக் காட்டுது," என்றபடி அங்கே விரலை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சுட்டது.

ப்ளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது.

தங்கை அந்தக் காலி இடத்தில் விரல்களை வைத்தாள்.

"போதும்க்கா, விட்டுடு," என்று கெஞ்சினாள்.

கடை மூடும்வரை அவள் கையை எடுக்கவில்லை. சூடும் தணியவில்லை.