முன்வாசல் இடம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதகுல வரலாற்றின் மாபெரும் பிழையொன்று இன்று காலை ஒன்பது மணிக்குத் திருத்தப்பட்டது: எபனேசரின் மூன்றாம் தலைமுறை ஸ்போர்ட்ஸ் கார், கார் சங்கக் கண்காட்சியின் முன்வாசலில் நிறுத்தப்பட்டது. முதல் இரண்டு தலைமுறை மாடல்களைவிட வேகமான வண்டிதான். ஆனால் முன்விளக்குகள் பல்வலிக்காரர் விழிப்பதுபோல் பிதுங்கியிருந்ததால், பதினோரு வருஷமாக அதற்குக் கழிப்பறைப் பக்கம்தான் இடம். “இன்ஜினைப் பாருங்க” என்று எபனேசர் கெஞ்சாத ஆளில்லை. அவர் பானட்டைத் திறக்கும்வரைகூட யாரும் நின்றதில்லை.

சங்கத் தலைவர் குழந்தைவேலுவே வந்து கைகொடுத்தார்.

“ஒருவழியா இதோட அருமை புரிஞ்சுதே, சார்!” எபனேசர் பிடித்த கையை விடவில்லை.

“அட, போன வருஷம் எத்தனை வண்டியில கீறல்! எல்லாம் கண்ணு பட்டதுதான். திருஷ்டி பொம்மை வாங்கலாம்னு கமிட்டியில சொன்னாங்க. எதுக்கு வாங்கணும், நம்ம எபனேசர் வண்டி இருக்கேன்னு நான்தான் சொன்னேன்.” தலைவர் மிளகாயும் எலுமிச்சையும் கோத்த கயிற்றை பம்பரில் கட்டிவிட்டுப் போனார்.

எபனேசர் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்தவர்கள் எல்லாரும் அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போனார்கள். அடுத்த வருஷத்துக்கும் அதே இடம் வேண்டுமென்று அவர் மத்தியானமே எழுதிக் கொடுத்துவிட்டார்.