சத்தம் ஆகாது

“மணி எங்க?” என்று கேட்டார் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் சுந்தர்சிங்.

ஜீவமணி தலைகுனிந்து நின்றாள்.

அவர் மேஜை மேல் அவள் எழுதிய புரோகிராம் அச்சான நீளத் தாள் கிடந்தது. ஆலையிலிருந்த கம்ப்யூட்டருக்கு இரண்டு டெர்மினல்; இரண்டும் வேறு வேறு கம்பெனி. திரையைத் துடைக்க ஒன்றுக்கு ஒரு குறி, மற்றதற்கு இன்னொரு குறி. ஒவ்வொரு புரோகிராமிலும் இதையே எழுதி மாளாது என்று, போன வருஷம் ஜீவமணிதான் எல்லாக் குறிகளையும் ஒரே லைப்ரரியாகச் சேர்த்தாள். துடைக்க ஒரு பெயர், எழுத்தை நகர்த்த ஒரு பெயர், மணி அடிக்க ஒரு பெயர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், எந்த டெர்மினலும் பணியும்.

மணியின் பெயர் தாளில் அப்படியே இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய, டெர்மினலை மணியடிக்க வைக்கும் ஏழாம் எண் இல்லை. அதற்குப் பதிலாகத் திரை முழுக்க வெள்ளையாகி அணைந்து, மறுபடி வெள்ளையாகும்படி எழுதியிருந்தாள்.

“முதல்ல மணி இருந்துச்சுல்லா?”

“இருந்துச்சு சார்.”

“எடுத்தது யாரு?”

“நான்தான்.”

“யாரைக் கேட்டு எடுத்த?”

“யாரையும் கேக்கல. எனக்குச் சத்தம் ஆகாது சார்.”

“உனக்குச் சத்தம் ஆகாதுன்னு வெள்ளத்துரைக்கு ரெண்டு கண்ணும் போச்சு.”

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அமோனியா குழாயில் அழுத்தம் ஏறியது. எச்சரிக்கை திரைக்கு வந்தது. டெர்மினலுக்குக் காவல் இருக்கும் கஸ்பார் அந்நேரம் பிரிண்டரில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தார். திரை அவர் முதுகுக்குப் பின்னால் மின்னியது. மணி மட்டும் அடித்திருந்தால் அடுத்த அறையில் வேலை பார்க்கும் தாணுலிங்கம் ஓடி வந்திருப்பான். குழாய் வெடித்தபோது ஆலைத் தொழிலாளி வெள்ளத்துரை அதன் கீழே நின்று திருகு முடுக்கிக்கொண்டிருந்தான்.

சுந்தர்சிங் கஸ்பாரையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். கடலில் சங்கு குளித்துக்கொண்டிருந்த மனுஷனை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே அவர்தான். பத்தாள் ஆழத்தில் மூச்சடக்குகிறவன் நாற்காலியில் அசையாமல் இருப்பான் என்பது அவர் எண்ணம். அது பொய்க்கவும் இல்லை.

“நீரு சொல்லும் கஸ்பார். மணி அடிச்சிருந்தா திரும்பியிருப்பீரா, மாட்டீரா?”

கஸ்பார் வழக்கம்போல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“அதெப்படி சார் திரும்பாம? மணி அடிச்சா செத்தவன்கூடத் திரும்புவான்.”

ஜீவமணி அவரை ஒருமுறை பார்த்தாள்.

“கேட்டுக்கிட்டியா?” என்றார் சுந்தர்சிங். “ஹெட் ஆபீஸுக்கு எழுதி அனுப்பியாச்சு. நீ நாளையிலிருந்து வர வேண்டாம்.”

“சார், எங்க வீட்டுல நான் ஒருத்திதான் சம்பளம் வாங்குதேன்.”

“வெள்ளத்துரை வீட்டுலயும் ஒருத்தன்தான் வாங்கினான்.”

அவள் அதற்கு மேல் கெஞ்சவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் நின்றாள்.

“மணியைத் திரும்பப் போட்டுக்கோங்க சார். ஆனா அந்தத் திரை மின்னுதத மட்டும் எடுத்துராதீங்க.”

“போற போக்குல எனக்குப் புத்தி சொல்லுதியா?”

சாத்தான்குளம் பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக சுந்தர்சிங்கே லைப்ரரியைத் திறந்தார். திரை மின்னும் வரிகளை அழித்தார். ஏழாம் எண்ணைப் பழைய இடத்தில் வைத்தார். காவல் டெர்மினலில் ஓட்டிப் பார்த்தார்.

மணி அடித்தது. நல்ல சத்தம். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கா பறந்தது.

இரண்டடி தள்ளி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த கஸ்பார் பீடிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சுந்தர்சிங் மறுபடி ஓட்டினார். மறுபடியும் அடித்தது. கஸ்பார் ஒரு பீடியை எடுத்து உருட்டிப் பார்த்து, காதில் செருகிக்கொண்டார்.

“கஸ்பார்.”

முதுகு அசையவில்லை.

சங்கு குளித்துக் கரையேறுகிறவர்களுக்குச் சில நாள் காதிலிருந்து ரத்தம் வடியும் என்று சுந்தர்சிங் கேள்விப்பட்டிருந்தார்.

மணி அடித்தால் அறையில் இருக்கிற அத்தனை பேரும் திரும்புவார்கள். திரும்பாத ஆள் யார் என்பதும் அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். அது தெரியக் கூடாது என்றுதான் அந்தப் பெண் மணியை எடுத்திருக்கிறாள். அதற்காகத்தான் வாயைத் திறக்காமல் போயிருக்கிறாள்.

அவர் எழுந்தார். கஸ்பாரின் தோளைத் தொடக் கை நீண்டது. பாதியில் நின்றது.

வேலைக்கு எடுத்த அன்று டாக்டர் கஸ்பாரின் காதைச் சோதிக்கப் போனார். “கடலுக்குள்ள மீன் பேசுதது கேக்கிற ஆளு டாக்டர். நல்லா இருக்குன்னு எழுதிக்கிடுங்க” என்று சொல்லிச் சிரித்தது சுந்தர்சிங்தான். டாக்டரும் சிரித்துக்கொண்டே எழுதினார்.

காது கேளாதவனைக் காவலுக்கு உட்கார வைத்தது யார் என்றுதான் இனிமேல் கேட்பார்கள். அதுவும் வெள்ளத்துரைக்குக் கண் போன பிறகு.

அவர் திரும்ப வந்து உட்கார்ந்தார். ஏழாம் எண்ணை அழித்தார். திரை மின்னும் வரிகளை ஜீவமணி எழுதியிருந்தபடியே திரும்ப எழுதினார்.

தாணுலிங்கம் கதவருகே தலையை நீட்டினான்.

“மணிச் சத்தம் கேட்டுச்சே சார். போட்டாச்சா?”

“எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டீங்களா? ஏன் சார்?”

சுந்தர்சிங் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“எனக்குச் சத்தம் ஆகாது.”