ஆன்டெனா அமர்ந்த பாத்திரம்

கோழிப்பண்ணை முற்றத்தில் செங்கோடன், அவர் மனைவி பாவாயி, மருமகள் கனிஷ்கா மூவரும் அண்ணாந்து நின்றார்கள். ஊருக்கே இணையம் தரும் ஆன்டெனா, அவர்களுடைய சைலோவை, தீவனம் கொட்டிவைக்கும் உயரக் கலத்தை, விட்டுப் பறந்துபோய் சம்பந்தி அத்தியப்பனின் புது சைலோவில் உட்கார்ந்துவிட்டது. உயரமான இடத்தில்தான் அது உட்காரும். அது எந்த வீட்டில் உட்காருகிறதோ, ஊர்க் கைபேசிகளில் அந்த வீட்டுப் பெயர்தான் தெரியும்.

"இனி ஊரெல்லாம் அவம் பேரா?" என்றார் செங்கோடன்.

"எங்கப்பா சைலோ நம்முளுத விட அரை முழந்தானுங் மாமா ஒசரம்."

அவர் சமையலறையில் கைக்கு அகப்பட்ட பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சைலோ ஏணியில் ஏறினார். கனிஷ்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேரு போனாப் போகுது, எறங்குங்க!" என்று பாவாயி கத்தினாள்.

உச்சியில் அதைக் கவிழ்த்துக் கட்டினார். ஆன்டெனா திரும்பி வந்தது.

செங்கோடன் இட்லிக் குண்டானால் மானம் காத்தார் என்று ஊரில் பேசுகிறார்கள். தவறு. அது பித்தளை அண்டா. மகள் கனிஷ்காவின் கல்யாணத்துக்கு அத்தியப்பன் கொடுத்த சீர்.