நார்வேக்காரர்

முட்டை ஏற்றிய பதினொரு லாரிகளின் கதி, நார்வேக்காரர் ஒருவரின் கையில் இருந்தது. எருமப்பட்டியில் அவரைப் பார்த்தவர் யாருமில்லை. முட்டைக் கம்பெனியின் கணினிகளைக் கவனிக்கும் கௌசிக்கும் பார்த்ததில்லை. இணையத்தில் அவர் பெயர் 'போலார்77', படத்தில் ஒரு பனிக்கரடி. ஆகவே நார்வே என்று அவனே முடிவு செய்திருந்தான்.

காலை பதினொரு மணி ஆகியும் முட்டைக் கம்பெனியின் சர்வர் எழவில்லை. முந்தின நாள் மாலை அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருந்தான் கௌசிக். காலையில் அது கறுப்புத் திரையில் நாலு வரி எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. சர்வர் இல்லாமல் பில் இல்லை. பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது.

டிரைவர் மாரி ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏனுங்க, இன்னும் கொஞ்சம் லேட்டாச்சுன்னா குஞ்சு பொரிச்சு, அதுகளே கேரளாவுக்கு நடந்து போயிருமுங்க."

முதலாளி சென்னிமலை சிரிக்கவில்லை. "பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன் சாமி. ஓடலைன்னா காசு குடுத்து வேற சிஸ்டம் போட்டுக்கறேன். நீயும் ஊட்டுக்குக் கெளம்பிக்கோ."

"சார், லினக்ஸ் இலவசம்னாலும் உலகம் பூரா பெரிய பெரிய கம்பெனியில எல்லாம்..."

"உலகத்தை உடு. நீ வாரதுக்கு முன்னால எட்டு மாசம் இது ஆளே இல்லாம ஓடுச்சு. நீ வந்த ரெண்டே மாசத்துல நிறுத்திப்போட்ட."

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பில் போடும் மஞ்சுளா அக்கா பக்கத்து மேஜையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். "தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"அக்கா, இது ஃபேன் ரெகுலேட்டர் இல்லீங்க, ஆளாளுக்குத் திருகிப் பாக்கறதுக்கு."

மஞ்சுளா போனை எடுத்துக்கொண்டார். சீரியல்தான் பார்ப்பார் என்று கௌசிக்குக்குத் தெரியும். அவன் தன் போனில், லினக்ஸ்காரர்கள் கூடும் இணையதளத்தில் தன் சோகத்தை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டான். அங்கே முகம் தெரியாதவர்கள் காசு வாங்காமல் பதில் சொல்வார்கள்.

ஐந்தாவது நிமிடம் போலார்77 வந்தார். 'முதலில் சர்வர் மேல் இருக்கும் டீ கிளாஸை எடு. பிறகு ஆன் செய்து, வரும் பட்டியலில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடு.'

கௌசிக் அவசரமாக டீ கிளாஸை எடுத்தான். நம்மவர்கள் சர்வர் மேல் டீ கிளாஸ் வைப்பது நார்வே வரைக்கும் தெரிந்துவிட்டதே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சர்வர் எழுந்தது. ஆனால் பில் போடும் மென்பொருள் எழவில்லை. அதையும் எழுதிப் போட்டான்.

அடுத்த பதில் வந்தது. 'பழைய குப்பைக் கோப்புகள் குவிந்து இடத்தை அடைத்துவிட்டன. அவற்றை அழிக்க ஒரே கட்டளை போதும். போனில் அடிக்கிறேன், நீளமானது, இரண்டு பாதியாக அனுப்புகிறேன். முதல் பாதியோடு என்டர் தட்டிவிடாதே. குப்பையோடு உங்கள் பில்களும் சேர்ந்து அழிந்துவிடும்.'

கீழே முதல் பாதி இருந்தது. கௌசிக் ஒவ்வொரு எழுத்தாக இரண்டு முறை சரிபார்த்து அடித்தான். பிறகு கையை மேஜையிலிருந்தே எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"தம்பி, சார்ஜர் இருக்குதுங்களா?" என்றார் மஞ்சுளா.

"அக்கா, எனக்கு வேலையே போகப்போகுது. உங்களுக்கு சீரியல் போகுதேன்னு கவலையா?"

மஞ்சுளா போனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், போனை மடியில் வைத்துக்கொண்டார்.

பதினொன்று நாற்பது. மீதிப் பாதி வரவில்லை. பதினொன்று ஐம்பது. கௌசிக் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், பக்கத்தைப் புதுப்பித்தான், மறுபடி எழுந்தான். நார்வேயில் பனிப்புயலா? கேபிள் அறுந்துவிட்டதா? வெளியே பதினொரு லாரிகளும் முறை வைத்து ஹாரன் அடித்தன.

சென்னிமலை அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "எதுக்குச் சாமி சும்மா உக்காந்திருக்கற?"

"மீதிப் பாதி நார்வேல இருந்து வரோணுங்க சார்."

"கப்பல்லயா வருது?"

பதினொன்று ஐம்பத்தெட்டு. சென்னிமலை மோதிரம் போட்ட விரலால் திரையைத் தட்டினார். "அதான் ஒரு வரி எழுதியிருக்குதே. அப்புறம் என்ன? என்டரை நீ தட்டறயா, நான் தட்டட்டுமா?"

"சார், வேண்டாங்க சார்!"

அவர் கை விசைப்பலகைக்குப் போனது. அது போய்ச் சேர்வதற்குள் விசைப்பலகை மேஜையில் இல்லை. மஞ்சுளா அதை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மற்றொரு கையில் அவருடைய போன், திரை இருண்டு கிடந்தது.

"நேர்ல சொன்னாத்தான் நீங்க கேக்கமாட்டீங்களே தம்பி. சார்ஜரைக் குடுங்க, மீதிப் பாதிய அனுப்பறேன்."