வகுப்பு வாசல்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததுமே, சிறுவன் ஆவுடைநாயகம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். அத்தை வடிவம்மாள் வகுப்பு வாசலில் வந்து உட்கார்ந்தால்தான் அழுகை நிற்கும்.

"தாலியறுத்தவ தினமும் தெருவுல நடந்தா ஊரு சிரிக்கும்," என்றார் அவளுடைய அண்ணன் அம்பலவாணன்.

"அப்பம் நீங்க போயி உக்காருங்க அண்ணாச்சி. இல்லன்னா உங்க பிள்ளை படிக்கவே வேண்டாம்."

அவர் வாசலை விட்டு விலகி வழிவிட்டார். வடிவம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், தலையைக் குனியவில்லை. பையனின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள்.

தேரடி திரும்பியதும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அத்தை, எனக்குப் பள்ளிக்கூடம் ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னும் எத்தனை நாளைக்கு அழணும்?"

"நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிற வரைக்கும் அழுதுக்கிட்டே இருலே, என் ராசா!"